அரிசியை அனுப்பலாம், சபையை அனுப்ப முடியுமா?

2022 ஜூன் 22ஆம் தேதி தூத்துக்குடி வ.உ.சி. துறைமுகத்திலிருந்து கொழும்புக்கு ஒரு கப்பல் கிளம்பியது. உள்ளே சுமார் 15 ஆயிரம் டன் அரிசி, 250 டன் பால்பவுடர், கொஞ்சம் மருந்து. இலங்கைக்குத் தமிழக அரசு அனுப்புவதாகச் சொன்ன மொத்தக் கணக்கு இது: அரிசி 40 ஆயிரம் டன் (80 கோடி ரூபாய்), பால்பவுடர் 500 டன் (15 கோடி), 137 வகை மருந்து (28 கோடி). கூட்டினால் 123 கோடி. முதல் கப்பல் மே மாதமே சென்னையிலிருந்து போய்விட்டது. இது இரண்டாவது.

அந்த வாரங்களில் திருநெல்வேலி டீக்கடைகளில் பேப்பரை மடித்துக்கொண்டே கேட்கப்பட்ட கேள்வி ஒன்றுதான். "ஏன்வே, அவனுவ நம்ம ஆளுவள அந்தக் கொல கொன்னுருக்கானுவ. அவனுவளுக்கு இங்கேருந்து அரிசியா?"

கேட்டவர்களைக் குறை சொல்ல முடியாது. 2009 மே மாதம் முள்ளிவாய்க்காலில் என்ன நடந்தது என்பது எல்லாருக்கும் தெரியும். கடைசி மாதங்களில் மட்டும் 40 ஆயிரம் பேர் வரை இறந்திருக்கலாம் என்று ஐ.நா. நியமித்த நிபுணர் குழுவே சொன்னது. அந்தப் போரை நடத்தியபோது பாதுகாப்புச் செயலாளராக இருந்த கோத்தபய ராஜபக்சதான் 2022இல் ஜனாதிபதி. அவர் நாட்டை ஓட்டாண்டியாக்கிவிட்டு நிற்கும்போது இங்கிருந்து மூட்டை கட்டி அனுப்புவது யாருக்காக?

முதலில் தமிழக அரசே, வடக்கு கிழக்கிலும் மலையகத்திலும் இருக்கும் தமிழர்களுக்கு மட்டும் கொடுக்கத்தான் டெல்லியிடம் அனுமதி கேட்டது. அதை மறுத்தது சிங்களத் தலைவர்கள் இல்லை. அங்கே இருக்கிற தமிழ்த் தலைவர்கள்தான். 'எங்களுக்கு மட்டும் என்று பிரித்துக் கொடுக்காதீர்கள், கொடுத்தால் எல்லாருக்கும் கொடுங்கள்' என்கிற அர்த்தத்தில் சொன்னார்கள். ஏப்ரல் 29ஆம் தேதி சட்டசபையில் தீர்மானம் வந்தபோது அது எல்லாருக்குமான உதவியாகத்தான் இருந்தது. பக்கத்து வீட்டில் சிங்களக் குழந்தை பாலுக்கு அழும்போது தமிழ்க் குழந்தைக்கு மட்டும் பால் டப்பா வந்தால் அடுத்த நாள் என்ன நடக்கும் என்று 1958, 1977, 1983 என்று வரிசையாகப் பார்த்தவர்களுக்குத் தெரியாதா?

123 கோடி என்பது உண்மையில் சில்லறை. பெரிய பணம் டெல்லியிலிருந்து போனது. 2022இல் இந்தியா கொடுத்தது கிட்டத்தட்ட 4 பில்லியன் டாலர். அன்றைய மதிப்பில் 30 ஆயிரம் கோடி ரூபாய்க்கு மேல். "30 ஆயிரம் கோடியைத் தூக்கிக் கொடுத்துட்டாங்க" என்று ஒரு பேச்சு உண்டு. காமர்ஸ் படிக்கிறவர்கள் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டிய இடம் இது.

தூக்கிக் கொடுக்கவில்லை. அண்ணாச்சி கடைப் பற்று மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். கையில் காசு இல்லாத வாடிக்கையாளருக்கு அண்ணாச்சி ரொக்கம் கொடுக்க மாட்டார். "சாமான் எடுத்துக்கோ, நோட்டுல எழுதிக்கிடுதேன்" என்பார். எரிபொருளுக்கு எக்ஸிம் வங்கி கொடுத்த 50 கோடி டாலர் கடன் வரியும், உணவு மருந்துக்கு ஸ்டேட் வங்கி கொடுத்த 100 கோடி டாலர் கடன் வரியும் இந்த ரகம்தான். பெரும்பாலும் சாமான் இந்தியாவில் வாங்க வேண்டும், இந்திய வியாபாரிக்கு இங்கேயே பணம் வந்துவிடும், இலங்கை பிறகு கட்ட வேண்டும். இது போக ரிசர்வ் வங்கி 40 கோடி டாலருக்கு நாணய மாற்று செய்தது. ஆசிய தீர்வு ஒன்றியத்தின் வழியாக இலங்கை கட்ட வேண்டிய தொகைக்குத் தவணை தள்ளிக் கொடுத்தது. தானம் என்று பார்த்தால் அதில் கொஞ்சம்தான்.

கடைக்காரருக்கும் லாபம் இருந்தது. தூத்துக்குடியில் ஏறுகிற கண்டெய்னர்களில் கணிசமானவை கொழும்புக்குப் போய்த்தான் பெரிய கப்பலில் மாறும். கொழும்பு படுத்தால் இங்கே ஏற்றுமதி செய்கிறவர் முழி பிதுங்கும். அம்பாந்தோட்டைத் துறைமுகம் 2017இல் 99 வருட குத்தகைக்குச் சீன நிறுவனத்திடம் போனதையும் டெல்லி மறக்கவில்லை. எனவே இது தூய அன்பு என்று யாரும் உருக வேண்டாம். ஆனால் சுயநலம் கலந்த உதவி என்பதாலேயே அது கெட்ட உதவி ஆகிவிடாது. பற்றுக் கொடுத்து வாடிக்கையாளரைக் காப்பாற்றாத கடைக்காரர் உண்டா?

பணம் எங்கே போனது என்பதைவிட, அந்த நாடு ஏன் அந்த நிலைக்கு வந்தது என்பதுதான் முக்கியம். கொரோனா, 2019 ஈஸ்டர் குண்டுவெடிப்புக்குப் பிறகு விழுந்த சுற்றுலா, பழைய கடன்... எல்லாம் காரணம்தான். ஆனால் வேறு நாடுகளுக்கும் கொரோனா வந்தது. 2019 டிசம்பரில் வாட் வரியை 15 சதவீதத்திலிருந்து 8 சதவீதமாகக் குறைத்தார்கள். அரசின் வருமானம் மளமளவென்று சரிந்தது. 2021இல் ரசாயன உரத்துக்கு ஒரே நாளில் தடை போட்டார்கள்! தாமிரபரணிப் பாசனத்தில் கார், பிசானம் என்று இரண்டு போகம் நெல் போடுகிற விவசாயி யாரிடம் கேட்டிருந்தாலும், ஒரு பருவத்துக்குள் நிலத்தை இப்படி மாற்ற முடியாது என்று சொல்லியிருப்பார். நவம்பரில் தடையை வாபஸ் வாங்கினார்கள். அதற்குள் போகம் போய்விட்டது.

இப்படி ஒரு முடிவை ஒருவர் எடுக்கும்போது தடுக்க ஆள் இல்லையா? இருந்தார்கள், எடுத்துவிட்டார்கள். 2015இல் வந்த 19ஆம் திருத்தம் ஜனாதிபதியின் அதிகாரத்தைக் குறைத்து, சுயேச்சையான ஆணையங்களுக்குப் பலம் கொடுத்தது. 2020 அக்டோபரில் வந்த 20ஆம் திருத்தம் அதைத் திருப்பிப் போட்டது. கேள்வி கேட்கிற நாற்காலிகளை எல்லாம் முதலில் காலி செய்தார்கள். பிறகு கஜானா காலியானது. 2022 ஏப்ரல் 12ஆம் தேதி வெளிநாட்டுக் கடனைக் கட்ட முடியாது என்று அறிவித்தார்கள். இந்த வரிசையை யாரும் தற்செயல் என்று சொல்ல முடியாது. 2023 நவம்பரில் இலங்கை உச்ச நீதிமன்றமே, ராஜபக்ச சகோதரர்கள் உள்ளிட்டவர்கள் பொருளாதாரத்தைக் கையாண்ட விதத்தில் மக்களின் நம்பிக்கையை மீறிவிட்டார்கள் என்று தீர்ப்புச் சொன்னது.

அந்த நீதிமன்றத்துக்கு இன்னொரு பெருமையும் உண்டு. 2018 அக்டோபர் 26ஆம் தேதி ஜனாதிபதி சிறிசேன, பிரதமர் ரணிலை நீக்கிவிட்டு மகிந்தவை உட்கார வைத்தார். பாராளுமன்றத்தில் பெரும்பான்மை இல்லை என்று தெரிந்ததும் நவம்பர் 9ஆம் தேதி பாராளுமன்றத்தையே கலைத்தார். சபைக்குள் மிளகாய்த்தூள் வீச்சு எல்லாம் நடந்தது (தமிழ்நாட்டுக்காரர்கள் சிரிக்க வேண்டாம், இங்கே 1989இல் நடந்ததை அவர்களும் பார்த்திருப்பார்கள்). ஏழு நீதிபதிகள் உட்கார்ந்து, டிசம்பர் 13ஆம் தேதி, கலைத்தது செல்லாது என்று ஏகமனதாகச் சொன்னார்கள். ரணில் திரும்பி வந்தார். அந்த ஐம்பது சொச்சம் நாட்களில் இந்தியா செய்தது என்ன? ஜனநாயக விழுமியங்களும் அரசியலமைப்பு நடைமுறையும் மதிக்கப்படும் என்று நம்புவதாக ஒரு அறிக்கை. அவ்வளவுதான். அந்த இடத்தில் அதற்கு மேல் ஒரு வார்த்தை சொல்லியிருந்தாலும் அது மகிந்தவுக்கு ஓட்டாகத்தான் மாறியிருக்கும்.

இப்படிச் சொல்ல ஒரு காரணம் இருக்கிறது. ஒருமுறை அதற்கு மேல் போய்ப் பார்த்தாகிவிட்டது.

1987 ஜூன் 3ஆம் தேதி உணவுப் பொருட்களோடு இந்தியப் படகுகள் யாழ்ப்பாணம் நோக்கிப் போயின. இலங்கைக் கடற்படை திருப்பி அனுப்பியது. மறுநாள் இந்திய விமானப்படையின் ஐந்து ஆன்டனோவ் விமானங்கள், மிராஜ் போர் விமானங்கள் காவலுக்கு வர, யாழ்ப்பாணத்தின் மேல் சுமார் 25 டன் பொருட்களைப் போட்டுவிட்டு வந்தன. ஆபரேஷன் பூமாலை என்று பெயர். முற்றுகையில் பசித்துக் கிடந்த யாழ்ப்பாணத்துக்கு அது நம்பிக்கை. தெற்கே அது அவமானம். 'பருப்பு போட்ட கதை' என்று இன்றும் சிங்களத்தில் கிண்டலாகச் சொல்வார்கள். அதே நாடு, அதே கடல், அதே சாப்பாட்டுப் பொருள். 1987இல் அது படையெடுப்பு, 2022இல் அது உதவி. கேட்டு வாங்கியதா, கேட்காமல் விழுந்ததா என்பதுதான் வித்தியாசம்.

எட்டு வாரம்கூட ஆகவில்லை, ஜூலை 29ஆம் தேதி கொழும்பில் ஊரடங்குக்கு நடுவே ராஜீவ் காந்தியும் ஜெயவர்த்தனவும் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டார்கள். மறுநாள் அணிவகுப்பு மரியாதையில் ஒரு கடற்படைச் சிப்பாய் துப்பாக்கிக் கட்டையால் ராஜீவை அடித்த படம் உலகம் முழுக்கப் போனது. ஒப்பந்தத்தின் முதல் பக்கமே இலங்கையின் ஒற்றுமை, இறையாண்மை, எல்லை ஒருமைப்பாடு இவற்றைக் காப்பதைப் பற்றித்தான் பேசுகிறது. கூடவே பரிமாறிக்கொண்ட கடிதங்களில் திருகோணமலைத் துறைமுகத்தை இந்தியாவுக்கு எதிராக யாருக்கும் கொடுக்கக் கூடாது என்ற விஷயமும் இருந்தது. உன் இறையாண்மையை நான் காக்கிறேன், ஆனால் உன் துறைமுகத்தை யாருக்குக் கொடுப்பது என்று நான் சொல்கிறேன்!

அந்த ஒப்பந்தத்தின் பிள்ளைதான் 13ஆம் திருத்தமும் மாகாண சபையும். இந்திய மாநிலங்களைப் பார்த்து எழுதியது என்பது படித்தாலே தெரியும். ஆளுநர், முதலமைச்சர், மூன்று பட்டியல் அதிகாரம் எல்லாம் அப்படியே. அதாவது சென்னைக் கோட்டையை மாதிரியாக வைத்து யாழ்ப்பாணத்துக்கும் திருகோணமலைக்கும் ஒரு சட்டசபையை அனுப்பி வைத்தார்கள். அதைக் காக்க அமைதிப்படையும் போனது. அந்த அமைதிப்படை இரண்டே மாதத்தில் புலிகளோடு சண்டையில் இறங்கியது. 1987 அக்டோபரில் யாழ்ப்பாண ஆஸ்பத்திரிக்குள்ளேயே நோயாளிகளும் டாக்டர்களும் கொல்லப்பட்டார்கள். சுமார் 1,200 இந்திய வீரர்களும் செத்தார்கள். 1988 நவம்பரில் வடகிழக்கு மாகாண சபைக்குத் தேர்தல் நடந்தது, வரதராஜப் பெருமாள் முதலமைச்சர் ஆனார். 1990 மார்ச்சில் கடைசி இந்திய வீரன் கப்பல் ஏறும்போது அவரும் இந்தியாவுக்கு வந்துவிட்டார். காவலுக்கு நின்ற துப்பாக்கி போனதும் சபையும் போனது. அடுத்த வருடம் மே மாதம் ஸ்ரீபெரும்புதூர்.

இங்கேதான் விஷயம் இரண்டாகப் பிரிகிறது. ஒரு நாடு தடுமாறும்போது அதன் கஜானாவுக்குக் கை கொடுக்கலாம், அடுப்புக்கு அரிசி கொடுக்கலாம். அதனால் அந்த நாட்டுக்காரர்களுக்குத் தங்கள் வேலையைத் தாங்களே பார்க்கக் கொஞ்சம் நேரம் கிடைக்கும். 2022இல் அது நடந்தது. ஜூலை 13ஆம் தேதி கோத்தபய விமானம் ஏறினார், ஜூலை 20ஆம் தேதி பாராளுமன்றம் ஓட்டுப் போட்டு ரணிலைத் தேர்ந்தெடுத்தது. ராணுவம் நாற்காலியில் உட்காரவில்லை. (கொழும்பு வீதியில் போராடிய பிள்ளைகளை ரணில் அடித்து விரட்டியது தனிக்கதை, அதற்கு இந்தியா ஒன்றும் சொல்லவில்லை என்பதும் கணக்கில் வர வேண்டும்.) 2023 ஜனவரியில் கடன் மறுசீரமைப்புக்கு முதலில் உறுதி கொடுத்த நாடு இந்தியா. மார்ச்சில் ஐ.எம்.எஃப். சுமார் 3 பில்லியன் டாலருக்கு ஒப்புதல் கொடுத்தது. 2024 செப்டம்பரில் தேர்தல் ஒழுங்காக நடந்தது. ஜெயித்தவர் அநுர குமார திசாநாயக்க.

அவருடைய கட்சி எது தெரியுமா? ஜே.வி.பி. இந்திய விஸ்தரிப்புவாதம் என்று தொண்டர்களுக்குத் தனியாக வகுப்பெடுத்த கட்சி. 1987 ஒப்பந்தத்துக்கு எதிராக ஆயுதம் எடுத்த கட்சி. வடக்கும் கிழக்கும் இணைந்தது செல்லாது என்று கோர்ட்டுக்குப் போய் 2006இல் பிரித்துக் காட்டிய கட்சி. அந்தக் கட்சியின் தலைவர் ஜனாதிபதியானதும் முதல் வெளிநாட்டுப் பயணம் டெல்லிக்கு. 2025 ஏப்ரலில் மோடி கொழும்பு போனபோது பாதுகாப்பு ஒத்துழைப்பு உடன்பாடே கையெழுத்தானது. துப்பாக்கியால் வாங்க முடியாத நல்ல பெயரைப் பற்று நோட்டு வாங்கிக் கொடுத்திருக்கிறது.

இங்கே கட்டுரையை முடித்தால் டெல்லிக்கு நல்ல சான்றிதழ். ஆனால் மிச்சம் ஒன்று இருக்கிறது.

உச்ச நீதிமன்றமும் பாராளுமன்றமும் கொழும்பு தன்னுடையதாக நினைக்கிற அமைப்புகள். ஆபத்து வந்தால் தெருவில் இறங்க ஆள் இருக்கிறது. மாகாண சபை அப்படி இல்லை. தெற்குக்கு அது இந்தியா திணித்தது. வடக்குக்கு அது கேட்டதில் கால்வாசி. அதை 'எங்களுடையது' என்று சொல்லிக் கட்டிக்கொள்ள யாரும் இல்லை. போர் முடிந்து 2013 செப்டம்பரில்தான் வடக்கு மாகாண சபைக்கு முதல் தேர்தல் நடந்தது. 38 இடத்தில் 30 கூட்டமைப்புக்கு. விக்னேஸ்வரன் முதலமைச்சர். 2018 அக்டோபரில் அதன் காலம் முடிந்தது. தொகுதி மறுவரையறை செய்துதான் அடுத்த தேர்தல் என்று 2017இல் சட்டத்தைத் திருத்தியிருந்தார்கள். அந்த மறுவரையறை அறிக்கை 2018 ஆகஸ்டில் பாராளுமன்றத்துக்கு வந்தபோது ஆதரவு ஓட்டு எத்தனை தெரியுமா? பூஜ்யம். கொண்டுவந்த அமைச்சரே எதிர்த்து ஓட்டுப் போட்டார். பழைய முறையும் இல்லை, புது முறையும் இல்லை. 2019க்குள் ஒன்பது மாகாண சபைகளும் காலாவதி. யாரும் எதையும் ஒழிக்கவில்லை, சட்டப் புத்தகத்தில் 13ஆம் திருத்தம் பத்திரமாக இருக்கிறது. தேர்தல் மட்டும் நடக்கவில்லை.

நெல்லைக்காரர்களுக்கு இது புரியாத விஷயம் இல்லை. 2016இல் காலம் முடிந்த திருநெல்வேலி மாநகராட்சிக்கு 2022 பிப்ரவரி வரை தேர்தல் கிடையாது. வார்டு மறுவரையறை என்றுதான் இங்கேயும் காரணம் சொன்னார்கள்! ஐந்து வருடத்துக்கு மேல் தனி அதிகாரி ஆட்சி. சாக்கடை அடைத்தால் யாரிடம் போவது என்று தெரியாமல் பேட்டையிலிருந்தும் மேலப்பாளையத்திலிருந்தும் மனுவோடு ஆபீஸ் ஆபீஸாக அலைந்த காலம். தண்ணீர் வரும், குப்பை அள்ளுவார்கள், ஆனால் திட்டுவதற்கு ஒரு கவுன்சிலர் இருக்க மாட்டார். இங்கே அதற்காக வழக்குப் போட்டார்கள், உச்ச நீதிமன்றம் வரை போய்க் கெடு வாங்கினார்கள். மாகாண சபை விஷயத்தில் அப்படி ஒரு கெடு வரவில்லை.

இந்தியா என்ன செய்கிறது? ஒவ்வொரு சந்திப்பிலும் ஒரு வரி சொல்கிறது. 2025 ஏப்ரலிலும் மோடி, அரசியலமைப்பை முழுதாக நடைமுறைப்படுத்தி மாகாண சபைத் தேர்தலை நடத்துவார்கள் என்ற நம்பிக்கையைச் சொன்னார். ஐ.நா. மனித உரிமை கவுன்சிலில் 2012லும் 2013லும் இலங்கைக்கு எதிராக ஓட்டுப் போட்ட இந்தியா, 2014லும் 2021லும் 2022லும் ஒதுங்கி நின்றது. 2013 மார்ச்சில் பாளையங்கோட்டை உட்பட தமிழ்நாடு முழுக்கக் கல்லூரி வாசலில் உண்ணாவிரதம் இருந்த மாணவர்களுக்கு அந்த ஒதுங்கலின் அர்த்தம் புரிந்தது. இறையாண்மை என்ற வார்த்தையைக் கொழும்பு கடன் கேட்கும்போது ஒரு மாதிரியும், காணாமல் போனவர்களின் தாய்மார்கள் கேள்வி கேட்கும்போது இன்னொரு மாதிரியும் உச்சரிக்கிறது. இந்தியா இரண்டுக்கும் தலையாட்டுகிறது.

இதற்காகத் திரும்ப விமானம் அனுப்பு என்று யாரும் கேட்க முடியாது. 1987 போதும். ஆனால் பற்று நோட்டு கையில் இருந்த 2022இல், ஐ.எம்.எஃப். உறுதிக் கடிதம் கொடுத்த 2023இல், ஒரு தேதியாவது கேட்டிருக்கலாம். அதே 2023 மார்ச்சில், கஜானாவில் பணம் இல்லை என்று உள்ளாட்சித் தேர்தலையே ரணில் அரசு தள்ளிப் போட்டது. வெளியிலிருந்து பணம் கொடுத்த யாரும் தேர்தலுக்கு ஒதுக்கு என்று அழுத்திச் சொல்லவில்லை. அதையும் அந்த நாட்டு உச்ச நீதிமன்றம்தான், 2024 ஆகஸ்டில், அடிப்படை உரிமை மீறல் என்று சொன்னது. 2025 மே 6ஆம் தேதி அந்தத் தேர்தல் நடந்தது. யாழ்ப்பாணத்தில் பிரதேச சபைக்கு உறுப்பினர்கள் வந்தார்கள். குப்பைக்கும் தெருவிளக்குக்கும் போய்த் திட்ட ஆள் கிடைத்தார்கள்.

பக்கத்திலேயே கைதடியில் வடக்கு மாகாண சபையின் கட்டிடம். அந்தத் தேர்தல் நடந்த நாளில் அங்கே ஓட்டு வாங்கி வந்த உறுப்பினர் ஒருவரும் இல்லை. மாகாணத்தை நடத்திக்கொண்டிருந்தவர் ஜனாதிபதி நியமித்த ஆளுநர்.